திரும்பி வருவதற்கான காரணம்

அம்மா சிங்கப்பூருக்குப் போகிறேன் என்று சொன்னபோது நான் பருப்பு கடைந்துகொண்டிருந்தேன். போகலாமா என்று கேட்கவில்லை. போகிறேன் என்றாள். மத்தை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். ஃபோன் இன்னும் அவள் காதில்தான் இருந்தது. மறுமுனையில் அவளுடைய தோழி. தபால் நிலையத்தில் இருபது வருடம் அம்மாவுக்குப் பக்கத்துக் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவர், ஓய்வு பெற்றதும் மகனோடு சிங்கப்பூரில் இருக்கப் போய்விட்டவர். வருடத்துக்கு நாலு தடவை "எப்பதான் வரப் போற?" என்று கேட்பது அவர் வழக்கம். "அடுத்த வருஷம்" என்று சொல்வது எங்கள் வீட்டு வழக்கம்.

அந்த அடுத்த வருஷம் அப்பாவுடையது. மழை முடியட்டும் என்பார். மாடி ஒழுகுவதை அடைத்துவிட்டுப் போகலாம் என்பார். இவ்வளவுக்கும் பாஸ்போர்ட் எடுக்க அவசரப்பட்டவரும் அவர்தான். இரண்டு பேரும் ஒரே நாளில் போய், ஒரே பெஞ்சில் காத்திருந்து, வாங்கி வந்தார்கள். இரண்டும் ஒரே பிளாஸ்டிக் உறையில், ஒரு முத்திரைகூட இல்லாமல், பீரோவில் கிடந்தன. போன வருடம் மார்ச் மாதம் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்த அப்பா, கண்ணாடியைப் பார்த்தபடியே சரிந்து போய்விட்டார்.

பதினான்கு மாதம் கழித்து அம்மா "வர்றேன்" என்று சொல்லிவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது. அவளைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு இதை மறைப்பதில் அர்த்தமில்லை. சந்தோஷப்பட வேண்டிய மகளுக்குக் கோபம்தான் வந்தது.

"தனியா எப்படிப் போவ?"

"ஏன், பிளேன என்னையா ஓட்டச் சொல்லப் போறாங்க?"

"விளையாடாதம்மா."

"நீயும் வாயேன் பாப்பா."

"கடைய யாரு பாக்கறது?"

எனக்கு நாற்பத்து நான்கு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கூடுவாஞ்சேரியில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். இரும்புலியூர் வீட்டிலிருந்து காலையில் கிளம்பினால் சாயங்காலம் திரும்புவேன். எனக்கு வாய் நீளம் என்று கடைக்கு வருகிறவர்கள் சொல்வதுண்டு. டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் கேட்டால் யாருக்கும் வாய் நீளத்தான் செய்யும். அம்மாவுக்கு நான் இன்னும் பாப்பாதான்.

வீசா எடுத்துத் தருகிற ஏஜெண்ட் மேற்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தார். ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், எதிரே ஒருவர் உட்காரலாம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவர் பட்டியலை ஒப்பித்தார்.

"பாஸ்போர்ட்டுக்கு இன்னும் ஆறு மாசமாவது உசுரு இருக்கணும் மேடம். போட்டோ மூணு மாசத்துக்குள்ள எடுத்தது. பின்னாடி வெள்ளை, ரெண்டு காதும் தெரியணும், பல்லு தெரியக்கூடாது. ஃபாரம் நீங்க ஃபில் பண்ணலாம், கையெழுத்து அம்மாதான் போடணும். அப்புறம் ஒரு கவரிங் லெட்டர்."

"அதுல என்ன எழுதணும்?"

"எதுக்குப் போறாங்க, எத்தினி நாளு, யாரு செலவு. முக்கியமா, திரும்பி வந்துடுவாங்கன்றதுக்கு ஸ்ட்ராங்கா ஒரு ரீசன். அதத்தான் அவங்க பாப்பாங்க." கொஞ்சம் குனிந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பொய் மட்டும் வேணாம் மேடம். மாட்டிக்கினா இந்தத் தபா ரிஜெக்ட் ஆறதோட போவாது. அப்புறம் எப்பவுமே உள்ள வுட மாட்டாங்க."

அம்மாவுக்குக் கண் அறுவை முடிந்து புதுக் கண்ணாடி இன்னும் வரவில்லை. படிவத்தின் எழுத்தோ பொடிப் பொடி. அதனால்தான் நிரப்பும் வேலை என் கைக்கு வந்தது. இல்லாவிட்டால் அவள் விட்டிருக்கவே மாட்டாள். முப்பத்திரண்டு வருடம் தபால் கவுண்டரில் உட்கார்ந்தவள். பின்கோடு இல்லையென்றால் கடிதம் திரும்பி வரும், அடித்தல் திருத்தல் இருந்தால் "புது ஃபாரம் எழுதிட்டு வாங்க" என்று படிவமும் திரும்பி வரும். வரிசையில் நிற்பவர்கள் பக்கத்துக் கவுண்டருக்கு நழுவப் பார்ப்பார்கள் என்று தோழி சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

போட்டோ எடுக்கப் போன இடத்திலும் இதுதான். ஸ்டூடியோக்காரர் பழக்கத்தில் "கொஞ்சம் சிரிங்கம்மா" என்றார். "சிரிக்கக் கூடாதுன்னு ரூல் இருக்கு தம்பி, நீங்க எடுங்க" என்றாள். பிறகு வெளியே வந்து, "என் மூஞ்சி என்ன இப்படி இருக்கு?" என்று என்னிடம் கேட்டுவிட்டு நன்றாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை.

எனக்குப் பிடிக்காதவை அந்த நாட்களில் நிறைய. எங்கள் சர்ச்சில் கணவனை இழந்த பெண்களுக்கென்று மாதம் ஒருமுறை ஜெபக் கூட்டம் நடக்கும். அம்மாவைக் கூப்பிட ஓர் அம்மையார் வந்தபோது கேட்டைத் திறக்காமலே, "அம்மா தூங்கறாங்க" என்று அனுப்பிவிட்டேன். அம்மா ஹாலில் உட்கார்ந்து டி.வி. பார்த்துக்கொண்டிருந்தது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. கரண்ட் பில்லும் கேஸ் கனெக்‌ஷனும் இன்னும் அப்பா பெயரில்தான் இருந்தன. மாற்றுவதற்கு நேரமில்லை என்று சொல்லிவந்தேன். முதலாம் ஆண்டு நினைவு ஜெபத்தன்று கடைக்கு ஸ்டாக் வருகிறதென்று பாதியிலேயே எழுந்து போனேன். ஸ்டாக் மறுநாள்தான் வந்தது.

படிவத்தைக் கடையில் உட்கார்ந்து எழுதினேன். பெரிய எழுத்தில், கட்டத்துக்கு ஓர் எழுத்தாக, பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர் என்று சரசரவென்று போய்க்கொண்டிருந்தது. அடுத்த வரி திருமண நிலை. கல்யாணமாகாதவர், மணமானவர், பிரிந்து வாழ்பவர், விவாகரத்தானவர், கணவனை இழந்தவர் என்று ஏழெட்டுக் கட்டங்கள். எனக்கான படிவமாக இருந்தால் முதல் கட்டத்திலேயே வேலை முடிந்திருக்கும்.

பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். அப்போது பிரஷர் மாத்திரை வாங்க வந்த ஒரு வாடிக்கையாளர் அக்கா எட்டிப் பார்த்து, என்ன ஏதென்று விசாரித்தார். சொன்னேன்.

"விடோன்னு போட்டா கிடைக்காதும்மா. தனியா வர்ற விதவைங்க அங்கயே வீட்டு வேலைக்கு நின்னுடுவாங்கன்னு நெனச்சுப்பாங்களாம். எங்க சொந்தத்துலயே ஒருத்தங்களுக்கு அப்படித்தான் ஆச்சு."

உண்மையா என்று நான் விசாரிக்கவில்லை. மற்ற நாளாக இருந்தால், "உங்களுக்கு யாரு சொன்னது?" என்று நாலு கேள்வி கேட்டிருப்பேன். அன்று எனக்கு அந்தச் சொல் போதுமானதாக இருந்தது. 'மணமானவர்' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். அதைப் போட்டால் கணவரின் குடியுரிமை என்ன என்று அடுத்த வரி கேட்கிறது. இந்தியர் என்று எழுதினேன். எழுத்து என் வழக்கத்தைவிட அழகாகவே இருந்தது.

மறுநாள் ஏஜெண்ட் அதைப் பார்த்துவிட்டு, "சார் இருக்காரு இல்ல?" என்றார்.

"ஆமா. வீட்ல இருக்கார்."

"அப்ப பிராப்ளமே இல்ல. அதுதான் ரீசன்." கம்ப்யூட்டரில் தயாராக வைத்திருந்த ஒரு கடிதத்தில் அம்மாவின் பெயரையும் தேதியையும் போட்டு அச்செடுத்துக் கொடுத்தார். என் கணவரும் மகளும் இந்தியாவில் இருக்கிறார்கள், ஆகவே குறித்த நாளில் நான் திரும்பிவிடுவேன் என்று அதில் இருந்தது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். வீட்டில் இருக்கிறார் என்று சொன்ன அந்த நிமிடம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொன்ன உறுத்தல் இல்லை. மார்க்கெட்டில் வாழைப்பூவும் முருங்கைக்கீரையும் வாங்கிக்கொண்டு, அப்பாவுக்குப் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

சனிக்கிழமை அம்மாவின் கண்ணாடி வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்து, சாப்பிட்டு முடித்து, சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு அம்மா படிவத்தை விரித்தாள். கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினேன். அவள் முதல் பக்கத்துக்குப் போனாள். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். நான் பாத்திரம் தேய்க்கப் போனேன். கடாய் ஒன்றை வெகுநேரம் தேய்த்தேன்.

"பாப்பா, இங்க வா."

போனேன். அவள் விரல் அந்தக் கட்டத்தில் இருந்தது.

"இது யாரு போட்ட டிக்கு?"

"நான்தாம்மா. இன்னொண்ணுல போட்டா வீசா கிடைக்காதாம்."

"யாரு சொன்னா?"

"கடைக்கு வர்ற ஒரு அக்கா."

"அவங்கதான் சிங்கப்பூர் கவர்மெண்டா?"

அவள் கடிதத்தை எடுத்துப் படித்தாள். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"அங்க போய் இறங்கினதும் ஒரு ஆபீசர் கேப்பான். உங்க வீட்டுக்காரர் இப்ப எங்கம்மா இருக்கார்னு. நான் என்ன சொல்லட்டும்? கல்லறைத் தோட்டத்துல, பின்பக்கத்துச் சுவர் ஓரமான்னு சொல்லட்டுமா?"

"அப்படில்லாம் கேக்க மாட்டாங்க."

"கேக்கலன்னா பொய் எழுதலாமா? என்னைத் திருப்பி அனுப்பிட்டா அப்புறம் நான் எப்பப் போறது? எனக்கென்ன இருபது வயசா?"

அந்த இடத்தில் நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். எனக்கு வாய்தான் முந்திக்கொள்ளும். "உனக்கு லேசா இருக்கும்மா. அவர் போயி ஒரு வருஷம் ஆச்சு, நீ பிளேன் ஏறக் கெளம்பிட்ட" என்று சொல்லிவிட்டேன்.

அம்மா என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் எழுந்து போய் அப்பாவின் மேஜை டிராயரை இழுத்தாள். அது பாதியில் சிக்கிக்கொண்டது. பலமாக இழுத்ததும் உள்ளிருந்த மாத்திரை அட்டைகள் இரண்டு மூன்று தரையில் விழுந்தன.

"மாசம் பொறந்தா அவரோட சுகர் மாத்திரைய கடையிலேர்ந்து எடுத்துட்டு வந்து இங்க வைக்கிற. நான் பாக்கலன்னு நெனச்சியா? ஒண்ணும் சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். இப்ப டிராயரே மூட மாட்டேங்குது பாப்பா."

அட்டைகளைப் பொறுக்கினேன்.

"எனக்கு லேசா இல்ல," என்றாள். குரல் கொஞ்சம்தான் உடைந்தது. "காலையில பல் தேய்க்கப் போனா அந்தக் கண்ணாடிய நான் பாக்கறதில்ல. ஒனக்குத் தெரியுமா? அவர் இருந்தப்ப அடுத்த வருஷம்னு சொல்ல ஒரு ஆள் இருந்தார். இப்ப அப்படிச் சொல்ல யாரும் இல்ல. அதனாலதான் போறேன். நான் விதவைதான். அது ஒண்ணும் கெட்ட வார்த்தை இல்ல. எழுது."

நான் எழுதவில்லை. அடித்துத் திருத்தினால் அவளே வாங்கமாட்டாள் என்பது வேறு விஷயம். ஜி.எஸ்.டி. ரோட்டு ஜெராக்ஸ் கடைக்குப் போய் வெற்றுப் படிவம் இன்னொன்று அச்செடுத்து வந்தேன். அம்மா அதைத் தன் கையாலேயே நிரப்பினாள். நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கட்டம் வந்தபோது பேனா நிற்கவில்லை. டிக் போட்டு, அடுத்த வரிக்குப் போய்விட்டது. பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் கடிதமும் அவளே எழுதினாள். எட்டிப் பார்த்தேன். கையால் மறைத்துக்கொண்டாள்.

"உனக்கு எதுக்கு? வீசா உனக்கா?"

மடித்து, உறையில் போட்டு, கைப்பைக்குள் வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை இருவருமாக ஏஜெண்டிடம் போனோம். உள்ளே ஒருவர்தான் உட்காரலாம் என்பதால் அம்மா வெளியே படிக்கட்டு ஓரத்தில் போட்டிருந்த பெஞ்சில் இருந்துகொண்டாள். ஏஜெண்ட் படிவத்தைப் புரட்டினார்.

"இன்னா மேடம் இது, அன்னிக்கு சார் வீட்ல இருக்காருன்னீங்க?"

"தப்பா சொல்லிட்டேன். மன்னிச்சுக்கங்க. கணவனை இழந்தவங்கன்னு போட்டா வீசா கிடைக்காதாமே, அதான்..."

"யாரு மேடம் உங்களுக்கு அப்படிச் சொன்னது? மாசத்துக்கு எத்தினி பேரு போறாங்க தெரியுமா? எங்கம்மாவே போயிட்டு வந்தாங்க." நெற்றிக் கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டு உறையைப் பிரித்தார். படித்தார். ஒரு பக்கம்தான், ஆனால் நேரம் எடுத்துக்கொண்டார். முடித்துவிட்டு மறுபடி கடைசிப் பகுதிக்குப் போனார். பிறகு தாளை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"இத நீங்க படிச்சீங்களா மேடம்?"

அம்மா ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். அலுவலகக் கடிதங்களுக்கே உரிய ஆங்கிலம், அச்சு மாதிரி கையெழுத்து. தமிழில் சொன்னால் இப்படி வரும்.

"ஐயா, நான் அஞ்சல் துறையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள். என் கணவர் சென்ற ஆண்டு காலமானார். நான் விதவை. என் தோழியைப் பார்க்கவும் தங்கள் நாட்டைச் சுற்றிப் பார்க்கவும் பத்து நாட்கள் அனுமதி கோருகிறேன். செலவு என் ஓய்வூதியத்திலிருந்து.

"பத்து நாட்களுக்கு மேல் தங்க என்னால் இயலாது. வீட்டில் என் மகள் தனியாக இருக்கிறாள். வயது நாற்பத்து நான்கு. தன் தகப்பனார் இறந்துவிட்டதை அவள் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. என்றாவது ஒருநாள் ஏற்றுக்கொள்வாள். அன்று நான் அவள் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆகவே குறித்த நாளில் தவறாமல் திரும்பிவிடுவேன்."

கீழே கையெழுத்து. பெயரை அடைப்புக்குறிக்குள் பெரிய எழுத்தில் மறுபடியும் எழுதியிருந்தாள்.

"ஃபார்மட்ல இல்ல," என்றார் ஏஜெண்ட். "வேணும்னா நான் வேற டைப் பண்ணித் தரேன்."

"வேணாம் சார். இதையே அனுப்புங்க."

வீசா அந்த வாரமே வந்துவிட்டது. அம்மா போனாள். பத்து நாளும் பறவைப் பூங்கா, படகு, கோயில், சர்ச் என்று இரண்டு பாட்டிகளும் கால் வலிக்கச் சுற்றியிருக்கிறார்கள். சொன்ன நாளில், சொன்ன விமானத்தில் திரும்பி வந்தாள். அதிகாரி யாரும் அவளை எதுவும் கேட்கவில்லையாம். அதில் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்தத் திங்கட்கிழமையை. ரசீதை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். அம்மா பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ரோட்டில் போகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் சரியா இருக்காமா?"

"இருக்காம்."

"அப்புறம் ஏன் இப்படி நிக்கிற?"

பதினான்கு மாதமாக ஒரு சொட்டு வராத கண் அந்த மார்க்கெட் சந்தடியில், கீரைக்காரரும் பூக்காரரும் பார்த்துக்கொண்டிருக்கையில் கொட்டியது. யாரோ இப்போதுதான் ஃபோன் செய்து தகவல் சொன்னதுபோல நான் அவளிடம் சொன்னேன்.

"அம்மா, அப்பா செத்துப் போயிட்டாரும்மா."

அம்மா கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, பெஞ்சில் எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

"ஆமா பாப்பா," என்றாள். "வா, வந்து உட்காரு."